கப்பல் ஏறுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடசென்னையிலிருந்து அந்தமானுக்கு வேலைக்கும் தொழிலுக்கும் போகிறவர்கள், சம்பந்தம் பேசியிருக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். தீவுகளின் தலைநகருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். தெருவில் இன்னும் போர்ட் பிளேர் என்றே புழங்குவதால் நாங்களும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அங்கே தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள் என்கிறார்கள். தமிழை வைத்தே காலம் தள்ளிவிட முடியாதா?
*வாசகர், வியாசர்பாடி*

தள்ளலாம். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் தமிழ் பேசிச் சாமான் வாங்கலாம், தமிழ்ப் பேப்பர் படிக்கலாம், இட்லி சாப்பிடலாம். ஆனால் அப்படி இருப்பவர்கள் பத்து வருடம் ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மொத்த ஜனத்தொகை 3,80,581. வங்காளி பேசுகிறவர்கள் நூற்றுக்கு 28 பேர், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, மலையாளம் 7. நிக்கோபாரிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஆதிவாசிகள், பர்மாவிலிருந்து வந்த கரேன்கள் எல்லாம் தனி. எந்த ஒரு கூட்டமும் பாதிகூட இல்லை. 1858-ல் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய நாளிலிருந்தே ஆளுக்கொரு பாஷை என்பதால் எல்லோருக்கும் பொதுவாக இந்துஸ்தானி நிலைத்துவிட்டது. மதுரைத் தமிழரும் ஸ்ரீகாகுளத்துத் தெலுங்கரும் அங்கே ஜெட்டியில் (படகுத்துறையில்) இந்தியில்தான் பேசிக்கொள்கிறார்கள். இந்தி யார் வீட்டுச் சொத்தும் இல்லாத ஊர் என்பதால், நம் ஊரில் அதைச் சுற்றி இருக்கும் அரசியலை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

இன்னொரு சௌகரியம், அந்தமான் இந்தியில் ஆண்பால் பெண்பால் பார்த்து யாரும் திருத்த மாட்டார்கள். 'ஹம்கோ இந்தி தோடா தோடா ஆத்தா ஹை' என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும்: ஒன்று முதல் இருபது வரை எண்கள், அப்புறம் முப்பது, நாற்பது, ஐம்பது, நூறு. இந்தியில் 21-லிருந்து 99 வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் என்பதால் அதை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நடுவில் உள்ளதை இங்கிலீஷில் சொல்லலாம். 'பானி கப் ஆயேகா' (தண்ணீர் எப்போது வரும்), 'ஜஹாஸ் கப் சூட்டேகா' (கப்பல் எப்போது புறப்படும்), 'தீரே போலியே' (மெதுவாகச் சொல்லுங்கள்). இந்த மூன்றும் தினமும் வாயில் வரும்.

தமிழர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் 'தும்'. சினிமாவில் கேட்டதை வைத்து வயதானவரையும் ஆபீசரையும் 'தும்' என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். நாம் பெரியவரை 'நீ' என்று சொல்வது போல அவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். எல்லோருக்கும் 'ஆப்' போடுங்கள், சின்னப் பையனுக்குக்கூட. தவறே வராது.

அடுத்தது, வேலை இடத்தில் மூன்று பேர் நிற்கும்போது இரண்டு பேர் மட்டும் தமிழில் பேசிச் சிரிப்பது. மூன்றாமவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பார். அந்தமானில் சண்டை மூளுவதற்கு இது பழைய காரணம். வங்காளிகள் உங்கள் முன் அதையே செய்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

'இன்னாபா'ன்னு வாய்ல வந்துடுது. அங்க இருக்கிற தமிழ் ஆளுங்க சிரிப்பாங்களா?
*வாசகர், காசிமேடு*

சிரிப்பார்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போனவர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள், நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் என்று அங்கே உள்ள தமிழே பல மாதிரி. ஒரு வாரம் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களும் 'இன்னாபா' என்பார்கள். மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கப்பலா, விமானமா? குடும்பத்தோடு சாமானும் இருக்கிறது. பங்க் வகுப்பு தாங்குமா?
*வாசகி, தண்டையார்பேட்டை*

சாமானோடு குடிபோகிறவர்களுக்குக் கப்பல்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், இரண்டரை நாளிலிருந்து மூன்று நாள், ஹேடோ துறையில் போய் இறங்கும். விமானம் இரண்டே கால் மணி நேரம்தான், ஆனால் பாத்திரம் பண்டமும் தையல் மிஷினும் அதில் ஏறாது.

கப்பலுக்கு ரயில் மாதிரி தினசரி அட்டவணை கிடையாது. மாதத்துக்குச் சில புறப்பாடுகள். அதுவும் வங்கக்கடலில் புயல் சின்னம் வந்தால் தள்ளிப்போகும். அதனால் வேலையில் சேரும் தேதிக்கும் கப்பல் போய்ச் சேரும் தேதிக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பத்து நாள். ராஜாஜி சாலையில் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆபீசில் புறப்பாட்டுத் தேதியை நேரில் கேட்டுவிட்டு வீட்டைக் காலி செய்யுங்கள். தேதி தெரியாமல் வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் மூட்டைகளோடு காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

பங்க் வகுப்பு பெரிய ஹால், இரண்டடுக்குப் படுக்கை. தாங்கும். விரிப்பு, தலையணை, தண்ணீர் பாட்டில், பூட்டு, கயிறு நீங்கள் கொண்டுபோங்கள். வாந்திதான் பிரச்சினை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கடல் ஆடும். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது. கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, முன்புறம் அதிகம். வெறும் வயிற்றோடு படுக்காமல் காய்ந்த ரொட்டி, பொரி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

அந்த மூன்று நாளை வீணாக்காதீர்கள். மேல் தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ சென்னை வந்துவிட்டுத் திரும்பும் தீவுக்காரர்கள். எந்த பஸ்தியில் (குடியிருப்பில்) தண்ணீர் ஒழுங்காக வருகிறது, எந்த கான்ட்ராக்டர் சம்பளத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

வீடு பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போவது எப்படி?
*வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை*

இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே இரண்டும் ஒன்றுதான், நடுவில் இருப்பது தண்ணீர்.

வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். சென்னையைப் போல இரண்டு மடங்கு. ஆனாலும் பிப்ரவரி முதல் மே வரை குழாயில் தண்ணீர் சொட்டும். மலையும் சரிவுமான நிலத்தில் பெய்தது கடலுக்கு ஓடிவிடுகிறது. போர்ட் பிளேர் பெரிதும் நம்பியிருப்பது தனிக்காரி அணையை. கோடை முற்றினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில இடங்களில் இன்னும் இடைவெளி விட்டுத்தான் வரும். எனவே வீடு பார்க்கும்போது 'வாடகை எவ்வளவு' என்பதற்கு முன், 'மார்ச் மாதத்தில் எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை நிமிடம் வரும், டேங்க் தனியா பொதுவா' என்று கேளுங்கள். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு, அதையே எதிர்வீட்டிலும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் சரி.

நாலு பேர் சிக்கனமாக இருந்தால் ஒரு நாளைக்கு 300 லிட்டர். மூன்று நாள் இடைவெளிக்கு 900. ஒரு 1,000 லிட்டர் டேங்க்கும் கையிருப்புக்கு 200 லிட்டர் டிரம் இரண்டும் இருந்தால் யாரிடமும் கை ஏந்த வேண்டாம். கூரைத் தண்ணீரையும் பிடியுங்கள். பத்துக்குப் பத்தடி தகரக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் விழும், சிதறல் போக 75 லிட்டர் நிச்சயம். முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம் டிரம்மில் திருப்ப வேண்டும். கூரையில் இருக்கும் பறவை எச்சமும் இலையும் அந்த முதல் தண்ணீரில் போய்விடும். டிரம் வாயில் வலைத்துணி கட்டாவிட்டால் பத்து நாளில் கொசு.

இனி அக்கம்பக்கம். பொதுக்குழாய் இருக்கும் இடத்தில் யார் முதலில் பிடிப்பது, எத்தனை பாத்திரம் என்று எழுதாத முறை ஒன்று இருக்கும். புதிதாக வந்தவர் வரிசையில் கடைசி. மெட்ரோ வாட்டர் லாரி வரிசையில் குடம் போட்டு இடம்பிடித்த சாமர்த்தியத்தை அங்கே காட்டினால், முதல் நாளே பெயர் கெட்டுவிடும். முதல் இரண்டு வாரம் கடைசியில் நில்லுங்கள். மோட்டாரைக் குழாயில் நேரடியாக மாட்டி உறிஞ்சாதீர்கள். மேட்டு வீடுகளுக்கு அழுத்தம் போய்விடும், யார் செய்தது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மேட்டு வீட்டுக் கிழவிக்கு ஒரு குடம் தூக்கிக் கொடுங்கள், அது போதும்.

இன்னும் சில. வாடகைக்கு வருகிறவர்களின் விவரத்தை வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆதார் நகலும் போட்டோவும் கேட்டால் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று முறைத்துக்கொள்ள வேண்டாம். ஈரப்பதம் அதிகம் என்பதால் தோல் செருப்பு, பெல்ட், சர்டிபிகேட் எல்லாம் பூசணம் பிடிக்கும். சர்டிபிகேட்டுகளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வாங்க வேண்டியிருந்தால் தொல்லை. இருட்டுவதும் சென்னையைவிட ஐம்பது நிமிடம் முன்னால். கடிகாரம் மட்டும் அதே கடிகாரம். டிசம்பரில் ஐந்து மணிக்கே விளக்கு போட வேண்டியிருக்கும். ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கதவு தட்டிச் சர்க்கரை கேட்டால் ஊரே தூங்கியிருக்கும்.

ஃபைபர் போட்டுல வேலை இருக்கு, முன்பணம் தர்றேன்னு கூப்பிடுறாங்க. நம்ம கடல் மாதிரிதானா?
*வாசகர், காசிமேடு மீன்பிடித் துறைமுகம்*

இல்லை. கடலும் வேறு, கணக்கும் வேறு.

இங்கே பல மைல் போனாலும் மட்டமான சேறும் மணலுமான தரை. அங்கே கரையை விட்டுக் கொஞ்சம் போனதுமே ஆழம் விழுந்துவிடும், ஆழமில்லாத இடத்தில் பாறையும் பவளமும். இழுவலை போட்டால் வலை கிழிந்துதான் வரும். தூண்டில், ஆயிரங்கால் தூண்டில், செவுள் வலை, இவைதான் ஓடும். களவா, வெளமீன், பாரை, சூரை, ஷீலா, வஞ்சிரம் படும். ஐஸ் கிடைப்பதைப் பொறுத்துத்தான் எத்தனை நாள் தங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். அரைப் பங்கு ஐஸோடு மூன்று நாள் தங்கினால் களவாவின் கண் வெளுத்துவிடும், போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் விலை பாதிதான்.

நங்கூரம் பவளத்தில் மாட்டிக்கொள்வது தினப்படி தொல்லை. அங்கே செய்யும் முறை: கம்பி வளைத்த நங்கூரத்தின் வளையத்தில் கயிற்றைக் கட்டாமல், அடிப்பக்கத்துக் கழுத்தில் கட்டுங்கள். கயிற்றை அப்படியே தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தோடு மெல்லிய நூலால் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். மாட்டிக்கொண்டால் இழுக்கும்போது நூல் அறுந்து, நங்கூரம் தலைகீழாகப் புரண்டு வெளியே வந்துவிடும். ஆனால் இதே நூல் ராத்திரி காற்றில் தானாக அறுந்தால் படகு நகர ஆரம்பிக்கும், தூங்குகிறவனுக்குத் தெரியாது. எனவே ராத்திரிக்கு நூல்கட்டு வேண்டாம். வளையத்தில் நேராகக் கட்டி, இரண்டாவது நங்கூரமும் போட்டு, ஒருவர் விழித்திருங்கள். 2006 ஜனவரியில் வட சென்டினல் தீவுக்கருகே இரண்டு மீனவர்கள் உயிர் போனது, ராத்திரியில் படகு நங்கூரம் நழுவித் தீவை ஒட்டிப் போனதால்தான். அந்தத் தீவும் அதைச் சுற்றிய கடலும் யாரும் போகக் கூடாத பழங்குடிக் காப்பகம். ஜாரவாப் பழங்குடிகள் இருக்கும் மேற்குக் கரையும் அப்படித்தான். மீன் அங்கேதான் அதிகம் என்று ஆசை காட்டுகிற ஓனரோடு போகாதீர்கள். பிடிபட்டால் படகு அவருடையது, சிறை உங்களுடையது.

கடல் அட்டை இங்கே போலவே அங்கேயும் தொடக் கூடாது. ஆமையும் பெரிய சிப்பிகளும் அப்படியே. வெளிநாட்டுத் திருட்டுப் படகுகளுக்காகக் கடலோரக் காவல்படை சோதனை போட்டுக்கொண்டே இருக்கும், மீனவர் அடையாள அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்திருங்கள். படகுக்கும் மீன்பிடிக்கவும் லைசென்ஸ் உண்டு. 'என் போட்டுக்கு லைசென்ஸ் இருக்கு' என்றால் காகிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

முன்பண விஷயம். வாங்கும்போதே நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்: தொகை எவ்வளவு, பங்கிலா சம்பளத்திலா கழியும், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு பங்கு பிரிக்குமுன் கழியுமா பின்னாலா, திரும்பிவரும் கப்பல் டிக்கெட் யார் செலவு. கடைசி வரியை எழுதாதவர்கள்தான் ஊர் திரும்ப முடியாமல் இரண்டு சீசன் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரிஜினல் ஆதாரையும் மீனவர் அட்டையையும் ஓனர் கையில் கொடுக்கவே கூடாது.

இனி மனிதர்கள். ஜங்லிகாட் தெலுங்கு மீனவர்கள் நிறைந்த இடம். காசிமேட்டில் தெலுங்கைக் காதில் கேட்டு வளர்ந்தவர் என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஏலம் விடும் இடத்தில் யார் எங்கே கூடை வைப்பது என்று நிலைத்துப்போன இடங்கள் உண்டு, கேட்காமல் வைக்காதீர்கள். முக்கியமாக, மீன் குடலையும் செதிலையும் ஜெட்டியிலும் ஓடை வாயிலும் கொட்டாதீர்கள். உப்புத்தண்ணீர் முதலை அந்த வாசனைக்குத்தான் வரும், மறுநாள் அதே இடத்தில் யாரோ ஒருவர் பிள்ளை கால் கழுவ இறங்கும். இதைச் செய்கிற புது ஆளை ஊர் மன்னிக்காது. நியாயம்தான்.

அங்கே உள்ளவர்களிடம் 'நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க' என்று விசாரிக்கலாமா?
*வாசகர், திருவொற்றியூர்*

ஊர் கேட்கலாம், இரண்டாவது கேள்வி வேண்டாம். தாய் தகப்பன் பிறந்தது தொட்டே தீவுக்காரர்கள், அதிலும் கைதிகள் காலத்துக் குடும்பங்கள், தங்களை 'லோக்கல் பார்ன்' என்பார்கள். அந்தக் குடும்பங்களில் சாதியும் மதமும் மொழியும் கலந்தே கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. பெயர் ஒரு மதமாகவும் மாமா வீடு ஒரு மதமாகவும் இருக்கும். தாத்தா என்ன வழக்கில் வந்தார் என்றும் கேட்காதீர்கள். சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஏ ராஞ்சி', 'ஏ மதராஸி' என்று கூட்டப் பெயரால் ஆளைக் கூப்பிடுவதும் வேண்டாம், கூடவே இருப்பவர்கள் அப்படிக் கூப்பிட்டாலும்.

எங்கள் பூர்வீகம் ரங்கூன். அந்தமானில் பர்மாக்காரர்கள் இருக்கிறார்களாமே?
*வாசகி, வியாசர்பாடி பி.வி. காலனி*

நீங்கள் கேள்விப்பட்டது மாயாபந்தர் பக்கத்தில், வெபி முதலிய கிராமங்களில் இருக்கும் கரேன்களை. 1925-ல் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஆண்கள் பெயருக்கு முன் 'சா', பெண்கள் பெயருக்கு முன் 'நா' இருக்கும், அது மரியாதைச் சொல் என்பதால் விட்டுவிடாமல் கூப்பிடுங்கள். கரேன் வேறு, பர்மியர் வேறு. 'பர்மாக்காரரா' என்று ஆரம்பிக்காமல் 'கரேனா' என்று கேட்டுவிட்டு, அப்புறம் உங்கள் ரங்கூன் கதையைச் சொல்லுங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் தீவில் உண்டு, அத்தோ நூடுல்ஸ் பேச்சை அவர்களிடம் எடுக்கலாம்.

மகளுக்கு திக்லிபூரில் வங்காளிக் குடும்பத்தில் சம்பந்தம் கூடியிருக்கிறது. பிள்ளைகளாகப் பார்த்து முடிவு செய்தது. எங்கே இடிக்கும் என்று முன்னாலேயே தெரிந்தால் நல்லது.
*ஒரு தாய், ராயபுரம்*

அக்கா, நல்ல இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். முதலில் தேதி. மார்கழி நமக்கும் ஆகாது, அவர்களுக்கும் (பௌஷ மாதம்) ஆகாது. பங்குனியில் நாம் செய்வோம், அவர்கள் சைத்ர மாதம் என்று தயங்குவார்கள். தையும் மாசியும் இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். அப்போது கடலும் அமைதி, சொந்தங்கள் கப்பலில் வந்து போகலாம்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மாவைக் காணோம் என்று உங்கள் பக்கத்தில் முணுமுணுப்பு கிளம்பும். மகன் கல்யாணத்தைத் தாய் பார்க்கக் கூடாது என்பது பல வங்காளிக் குடும்பங்களில் பழைய வழக்கம், அவமதிப்பு கிடையாது. இதை உங்கள் நாத்தனார், கொழுந்தனார்களுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். சீர்த்தட்டில் பெரிய ரோகு மீனுக்குப் புடவை கட்டிப் பொட்டு வைத்துக் கொண்டுவருவார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் காரியம் கெட்டது. சைவ விருந்துதான் போடுவோம் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தாலும் அவர்களுக்குச் சங்கடம், மீன் இல்லாத கல்யாணச் சாப்பாடு அவர்களுக்குச் சாப்பாடே இல்லை. தாலி கட்டும் நேரத்துக்குச் சைவம், அவர்கள் செய்யும் வரவேற்பில் மீன் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் சம்மதமாக இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு மகள் கையில் வெள்ளைச் சங்கு வளையும் சிவப்பு வளையும் போடுவார்கள். அது அவர்களுக்குத் தாலிக்குச் சமம். வீட்டு வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றி வைத்தால் மாமியார் மனம் புண்படும். தாலியையும் வளையையும் சேர்த்தே போடட்டும். சங்கு வளை தட்டினால் உடையும், அம்மி, கல் தொட்டி வேலைகளில் கவனம். வாயால் எதுவும் உடைந்தது என்று சொல்லாமல் மாமியாரிடம் காட்டினால் அவரே மாற்றித் தருவார்.

ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவதை முன்பே பேசி வையுங்கள். அவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் தெரியாது, திடீரென்று கேட்டால் சண்டை போட்டுப் போகிறாள் என்று நினைப்பார்கள். ஆடி மாதம் கடல் கொந்தளிக்கும் காலம் என்பதால் திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து சென்னை என்று கப்பலை நம்பாமல் விமான டிக்கெட்டைச் சித்திரையிலேயே எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளை எந்த வகுப்பில் மாற்றுவது நல்லது?
*வாசகர், எண்ணூர்*

எட்டு முடித்து ஒன்பதிலோ, பத்து முடித்துப் பதினொன்றிலோ. அங்கே பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் போர்டில் பதிவு செய்வார்கள். பத்து, பன்னிரண்டில் நேராகச் சேர்ப்பது பெரும் பாடு. பள்ளி வருடம் ஏப்ரலில் ஆரம்பம். நம் ஊர்ப் பரீட்சை முடிந்து ஜூனில் போகலாம் என்று இருந்தால் இரண்டு மாதப் பாடம் போயிருக்கும். அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகளும் உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளை என்றால் அங்கே சேர்த்து, தெருவில் இந்தி பழகட்டும். மூன்றே மாதத்தில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிடுவார்.

கோயில், திருவிழா? சந்தா கேட்டு எல்லோரும் வருவார்களாமே?
*வாசகர், தண்டையார்பேட்டை*

வருவார்கள். துர்கா பூஜைக்கு வங்காளிகள், ஓணத்துக்கு மலையாளிகள், விநாயகர் சதுர்த்திக்கு ஒரு கூட்டம். நம்மவர்களுக்குக் கொடுப்பதையே மற்றவர்களுக்கும் கொடுங்கள். தமிழ் விழாவுக்கு ஐந்நூறு, மற்றதற்கு ஐம்பது என்றால் ரசீதுப் புத்தகம் தெருவெல்லாம் போகும், பெயரும் தொகையும் எல்லோரும் படிப்பார்கள். கொடுத்ததோடு நிற்காமல் ஒரு சாயங்காலம் பந்தலுக்குப் போய் கிச்சடிப் பிரசாதம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்குத் தமிழ் தெரியாதவர்களும் வருகிறார்கள். அந்தமான் தமிழர் சங்கமும் இருக்கிறது. முதலில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள், பதவி ஆசை மட்டும் முதல் இரண்டு வருடம் வேண்டாம்.

ஐலண்டர் கார்டு எப்போது கிடைக்கும்? அது இல்லாவிட்டால் மதிக்க மாட்டார்களா?
*வாசகர், கொருக்குப்பேட்டை*

தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் தீவுவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாளுக்கு ஒரு கட்டணம், டிக்கெட்டிலும் அவர்களுக்கு முன்னுரிமை. அதற்கு அடையாளம் அந்த கார்டு. போனதும் கிடைக்காது, வருடக்கணக்கான குடியிருப்பை நிரூபிக்க வேண்டும். அதனால் முதல் மாதத்திலிருந்தே வாடகை ரசீது, கரண்ட் பில், பள்ளிச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் வருடவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். நடுவில் ஒரு வருடம் காகிதமே இல்லாமல் போவதுதான் பலருக்கும் விழும் ஓட்டை.

மதிப்பு பற்றிக் கேட்டீர்கள். அங்கே வேலையும் நிலமும் அளவானது. நிலத்தில் பெரும்பகுதி காடு. ஒவ்வொரு கப்பலிலும் மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் இறங்கும்போது தன் பிள்ளையின் வேலை போகிறதே என்ற கவலை தீவுக்காரருக்கு இருக்கும். இரண்டாம் தலைமுறைத் தமிழருக்கும் அதே கவலைதான், நீங்கள் தமிழர் என்பதால் அது குறையாது. 'எங்க சென்னையில இப்படி, இங்க ஒண்ணுமே இல்ல' என்ற பேச்சை நிறுத்தினாலே பாதிக் கசப்பு போகும்.

வண்டியில் போகும்போது ஜாரவாக்களைப் பார்த்தால் பிஸ்கட் கொடுக்கலாமா? போட்டோ?
*வாசகர், ராயபுரம்*

இரண்டுமே குற்றம். ஜாரவாக்கள் இருக்கும் காட்டுச் சாலையில், ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் வரிசையாகத்தான் போகும். நிறுத்தக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது, போனை உள்ளே வையுங்கள். பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 1956-லிருந்து இருக்கிறது, சிறைத் தண்டனையும் உண்டு. நம்மிடமிருந்து தொற்றும் அம்மை, காய்ச்சலைத் தாங்கும் சக்தி அவர்கள் உடம்புக்குக் குறைவு, அதுதான் முதல் காரணம். கார் நிக்கோபாருக்குப் போகவும் தனி அனுமதி வேண்டும், வேலைக்குக் கூப்பிடுகிறவரிடம் முதலில் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.

புது வீட்டு அக்கம்பக்கத்துக்குச் சென்னையிலிருந்து என்ன வாங்கிப் போவது?
*வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை*

மூன்று நாள் கப்பலில் கெடாததாக இருக்க வேண்டும், எல்லா மதத்தவரும் சாப்பிடுவதாகவும் இருக்க வேண்டும். பால்கோவா, ஸ்வீட் எல்லாம் கப்பல் வெக்கையில் புளித்துவிடும். கை முறுக்கு, அதிரசம், கடலை மிட்டாய் சரி. எட்டு வீட்டுக்கு வீட்டுக்குக் கால் கிலோ என்று இரண்டு கிலோ, காற்றுப் புகாத தகர டப்பாவில். காகிதப் பையில் கொண்டுபோனால் ஈரக்காற்றில் இரண்டாம் நாளே நமுத்துவிடும். காசிமேட்டுக் கருவாடு அங்கே நல்ல மரியாதைப் பொருள், ஆனால் பங்க் ஹாலில் மூன்று நாள் உங்களோடு வருகிறவர்களை நினைத்து, பாலித்தீன் பையில் மூன்று சுற்று சுற்றி, சாமானோடு கட்டி அனுப்புங்கள்.